விடியற்காலத்தில் எழுப்பின தாய்
(பண்டித ரமாபாய் அம்மையாரின் ஜீவியத்திலிருந்து, சின்னப் பிள்ளைகளை வீட்டில் வளர்க்கிற தாய்மார்களுக்கு)



பண்டித ரமாபாய் அம்மையாரின் பெயரை நம் சபையார் அநேகர் அறிவீர்கள். 1905-ஆம் வருஷம் முக்தியில் ஆவியானவர் பலமாய் இறங்கினதைப் பற்றி உபவாசக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்த எழுப்புதலுக்குப் பின்னால் ஒரு தாய் இருந்தாள், அதிகாலையில் நடந்த ஒரு பாடம் இருந்தது, ஒழுங்காய்த் திட்டம்பண்ணின ஒரு வீடு இருந்தது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத விரும்புகிறேன்.

நான் விழுப்புரத்தில் பல வருஷமாகச் சண்டே ஸ்கூல் சின்னப் பிள்ளைகளோடு ஊழியம் செய்கிறவள். திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களுக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்காகப் போய்வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் தாய்மார்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அக்கா, நாங்க என்ன பெரிசா படிச்சிட்டோம், வீட்டில பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லித் தர்றது, அதெல்லாம் டீச்சர் வேலைதானே என்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நான் வேறெங்கும் பதில் தேட வேண்டியதில்லை. ரமாபாய் அம்மையாரின் ஜீவியமே பதில்.

முதலில் கணவன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தான்

ரமாபாயின் தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்ரே. மராத்தி பிராமணர், பெரிய சமஸ்கிருதப் பண்டிதர். வாலிபத்தில் பூனாவில் படிக்கும்போது அவருடைய குரு பேஷ்வாவின் அரண்மனைக்குப் போய் அரசியாருக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுப்பார். ஒரு பெண் சுலோகங்களைச் சுத்தமாய்ச் சொல்லுகிறதைக் கேட்ட அந்த மாணவனுக்கு ஆச்சரியம். நம்ம வீட்டுப் பெண்களுக்கும் இது ஏன் கூடாது என்று மனதில் ஒரு தீர்மானம் உண்டாயிற்று.

ஊருக்குத் திரும்பித் தன் மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார், நடக்கவில்லை. வீட்டுப் பெரியவர்கள் விடவில்லை. அந்த மனைவி இறந்தபின், தமது 44-ஆம் வயதில் யாத்திரை போன இடத்தில் லட்சுமிபாய் என்கிற ஒன்பது வயதுச் சிறுமியை மணந்தார். அந்தக் காலத்து வழக்கம் அப்படி, அது சரி என்று நான் சொல்ல வரவில்லை. பிற்காலத்தில் ரமாபாய் அம்மையார் குழந்தை மணத்தை எதிர்த்துப் புஸ்தகமே எழுதினார்கள். ஆனாலும் அனந்த சாஸ்திரி ஒரு காரியம் செய்தார். அந்தச் சிறுமியை உட்காரவைத்துச் சமஸ்கிருதம் படிப்பித்தார்.

ஊரே எதிர்த்தது. பெண்ணுக்குத் தேவபாஷையா என்று கேட்டார்கள். உடுப்பியில் பண்டிதர்கள் கூடி அவரை விசாரித்தார்கள். அவர் சாஸ்திரங்களைக் கொண்டே தம் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். கடைசியில், ஊர்வாயும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்கிற காட்டுக்குப் போய் வீடு கட்டிக்கொண்டார். இப்போது அது கர்நாடகாவில் இருக்கிறது. புலி உறுமுகிற காடு. அந்தக் காட்டில்தான் 1858 ஏப்ரல் 23-ந் தேதி ரமாபாய் பிறந்தார்கள்.

சகோதரர்களே, இந்த இடத்தில் உங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. நம்ம வீடுகளில் பிள்ளை படிக்கலன்னா அம்மாவைத்தான் திட்டுகிறோம். ஆனால் இந்தக் குடும்பத்தில் நடந்ததைப் பாருங்கள். முதலில் புருஷன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தான். பிறகுதான் மனைவி பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தாள். லட்சுமிபாய் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவள். கல்யாணத்துக்குப் பிறகு அடுப்படி வேலைக்கு நடுவே கற்றதுதான் எல்லாம். அப்படிக் கற்றவள்தான் இந்தியா முழுவதும் பேர் சொல்லும் ஒரு பண்டிதையை உருவாக்கினாள்.

விடியற்காலப் பாடம்

அந்தக் காட்டு வீட்டில் அதிக நாள் இருக்க முடியவில்லை. விருந்தோம்பலிலும் தானதர்மத்திலும் சொத்து கரைந்துபோயிற்று. ரமாவுக்கு ஆறு மாசம் ஆனபோது குடும்பம் க்ஷேத்திர யாத்திரை புறப்பட்டது. குழந்தையைப் பிரப்பங்கூடையில் வைத்து ஓர் ஆள் தலையில் சுமந்து வந்தான். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக நடைதான். கோயில்களிலும் ஆற்றங்கரைகளிலும் உட்கார்ந்து புராணம் வாசிப்பார்கள். கேட்கிற ஜனங்கள் அரிசியோ காசோ வைப்பார்கள். அதுவே ஜீவனம்.

இந்த அலைச்சலில் ஒரு பிள்ளைக்கு எங்கே பள்ளிக்கூடம்? தகப்பனாருக்கோ வயதாகிவிட்டது. மூத்த பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததுபோல் கடைக்குட்டிக்குக் கற்றுக்கொடுக்க அவருக்குப் பெலன் இல்லை. அந்தப் பொறுப்பைத் தாய் எடுத்துக்கொண்டாள். ரமாவுக்கு எட்டு வயதிலிருந்து ஏறக்குறைய பதினைந்து வயது வரைக்கும் தாயே ஆசிரியை.

பகலில் லட்சுமிபாய்க்கு நேரம் ஏது? தண்ணீர் கொண்டுவர வேண்டும், சமைக்க வேண்டும், வயதான புருஷனைக் கவனிக்க வேண்டும், வந்தவர்களுக்குப் பரிமாற வேண்டும். ஆகவே வேலை தொடங்கும் முன்னே, பறவைகள் சத்தமிடுகிற விடியற்காலத்தையே பாடவேளையாகக் குறித்துக்கொண்டாள். தரையில் தூங்குகிற சிறுமியை மெதுவாய்த் தூக்கி மடியில் வைத்து, கொஞ்சிக் கொஞ்சி எழுப்புவாள். அடித்து எழுப்பவில்லை, அதட்டவும் இல்லை. தாய் சொல்லச் சொல்லப் பிள்ளை திரும்பச் சொல்லும். கையில் புஸ்தகம் கிடையாது. தாயின் வாயே புஸ்தகம்.

இப்படி நாள் தவறாமல் நடந்ததின் பலன் என்ன தெரியுமா? பன்னிரண்டு வயதுக்குள் ரமாவுக்குப் புராணங்களிலிருந்து 18,000 சுலோகங்கள் மனப்பாடம். இதைவிட முக்கியமாக ஒன்றை அம்மையார் பிற்காலத்துத் தமது சாட்சியில் எழுதியிருக்கிறார்கள். பிறர் உதவி அதிகம் இல்லாமல் தானே மேற்கொண்டு படித்துக்கொள்ளும்படி தாய் தன் மனதைப் பழக்கிவிட்டாள் என்கிறார்கள். வீட்டுப் பாடத்தின் நோக்கம் இதுதான். எல்லாவற்றையும் நாமே ஊட்டிவிடுவதல்ல, தானே தேடிப் படிக்கிற பசியைப் பிள்ளைக்குள் உண்டாக்குவது.

தாய்மார்களே, அந்தத் தாயிடம் என்னென்ன இல்லை என்று எண்ணிப் பாருங்கள். வீடு இல்லை, பலகை இல்லை, புஸ்தகம் இல்லை, கையில் காசும் இல்லை. இருந்தது ஒன்றே, நேரம் தவறாத ஒழுங்கு.

பஞ்சம் சொல்லிக்கொடுத்த பாடம்

அந்தப் பாடத்தில் ஒரு குறையும் இருந்தது. அதை மறைக்காமல் சொல்லவேண்டும், அம்மையாரே மறைக்கவில்லை.

தாது வருஷப் பஞ்சத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள், அது 1876-78. அதற்கும் சற்று முன்னமே, 1874-ல், மதராஸ் ராஜதானியில் பஞ்சம் தலைகாட்டிற்று. இந்தக் குடும்பம் அதில் மாட்டிக்கொண்டது. கையிலிருந்த காசு, பாத்திரம், நகை எல்லாம் போயிற்று. நம்ம விழுப்புரத்திலிருந்து காட்பாடி வழியாய் ரயிலில் போகிறோமே, அந்தத் திருப்பதி மலைக்காட்டுப் பக்கத்தில் பல நாள் இலையும் தண்ணீருமாய்க் கிடந்தார்கள். தகப்பனார் இறந்தார். சில மாசங்களுக்குள் தாயும், பிறகு அக்காள் கிருஷ்ணாபாயும் போய்விட்டார்கள்.

தாய் சாகக் கிடந்தபோது ரமா பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு துண்டு கம்பு ரொட்டி கேட்க நின்றாள். ஆயிரக்கணக்கான சுலோகம் தெரிந்த வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ரொட்டி கிடைத்தது, ஆனால் தாய்க்கு அதைச் சாப்பிடும் பெலன் இல்லை. சுமந்துபோக ஆள் போதாததால், மகளே தாயின் பாடைக்கு ஒரு தோள் கொடுக்க வேண்டியதாயிற்று. உயரம் குறைவானபடியால் தலையில் வைத்துச் சுமந்தாள்.

ஏன் இந்த நிலை வந்தது? பிச்சை கேட்கக் கௌரவம் விடவில்லை. கூலி வேலைக்குப் போகவும் தெரியவில்லை. பிழைக்க ஒரு கைத்தொழில் எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே என்று அம்மையார் பிற்காலத்தில் வருத்தத்தோடு எழுதினார்கள். வாய்க்குப் பாடம் கிடைத்தது, மனதுக்கும் கிடைத்தது. கைக்கு மட்டும் பாடம் கிடைக்கவில்லை. இந்த வருத்தத்தை அம்மையார் மறக்கவே இல்லை. பிற்காலத்தில் அவர்கள் பிள்ளைகளுக்காகப் போட்ட ஒவ்வொரு திட்டத்திலும் இதைப் பார்க்கலாம்.

ஒளியைக் கண்டது

மிஞ்சினது ரமாவும் அண்ணன் ஸ்ரீநிவாஸும். இருவரும் கால்நடையாய் நாடெல்லாம் சுற்றி 1878-ல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் இந்த இருபது வயதுப் பெண்ணைச் சோதித்துப் பார்த்து, பண்டிதா என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். விடியற்காலத்தில் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்த தாய் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

1880-ல் அண்ணனும் இறந்தான். அதே வருஷம் வங்காள வக்கீல் பிபின் பிஹாரி மேதாவியை மணந்தார்கள். 1881-ல் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவர் காலராவில் மரித்தார். 23 வயதில் விதவை, கையில் குழந்தை. கணவர் வீட்டுப் புஸ்தகங்களுக்கு நடுவே கண்டெடுத்து வாசித்த வங்காளி லூக்கா சுவிசேஷம் மட்டும் உள்ளத்தில் வேலை செய்துகொண்டே இருந்தது.

அந்த வருஷமே பூனாவுக்கு வந்து, அரசாங்கத்தின் ஹண்டர் கல்விக் கமிஷன் முன் சாட்சி சொன்னார்கள். பெண்களுக்குப் பெண் ஆசிரியைகள் வேண்டும், பெண் டாக்டர்கள் வேண்டும் என்று தைரியமாய்க் கேட்டார்கள். அந்தத் தேவை எவ்வளவு உண்மை என்று நம்ம திண்டிவனமே சொல்லும். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று குடும்பத்தார் மறுத்ததால் 1890-களில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனது திண்டிவனத்தில்தானே. அதைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் அம்மையார் டாக்டர் ஆனார்கள், வேலூர் ஆஸ்பத்திரியும் உண்டாயிற்று.

1883-ல் ரமாபாய் இங்கிலாந்து போனார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 29-ல் தாயும் குழந்தையும் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனாலும் மதத்தைக் கண்டேனே தவிர மீட்பரைக் காணவில்லை என்ற ஏக்கம் உள்ளே இருந்தது. சில வருஷம் கழித்து, 1891 வாக்கில்தான் இரட்சிப்பின் நிச்சயம் கிடைத்தது என்று அவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளைகளின் தோட்டம்

1886-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஆனந்திபாய் ஜோஷி என்கிற உறவுக்காரப் பெண் பிலடெல்பியாவில் டாக்டர் பட்டம் வாங்குகிற விழா. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று போன அம்மையார் ஏறக்குறைய மூன்று வருஷம் அங்கேயே இருந்துவிட்டார்கள். ஒரு முக்கிய காரணம், அங்கே கண்ட கிண்டர்கார்டன்.

இன்றைக்கு எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாம் சாதாரணமாய்ச் சொல்லுகிறோம். அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகளின் தோட்டம் என்று அர்த்தம். ஜெர்மனியில் பிரெடரிக் ஃபிரோபெல் என்பவர் 1837-ல் தொடங்கி, 1840-ல் அந்தப் பேரை வைத்தார். சின்னப் பிள்ளையின் கையில் நூல்பந்தும் மரக்கட்டையும் கொடுப்பார்கள். அடுக்கட்டும், பிரிக்கட்டும், எண்ணட்டும். காகிதம் மடிப்பது, குச்சி வைத்து உருவம் செய்வது, பாட்டுப் பாடி விரல் அசைப்பது, தோட்டத்தில் விதை போட்டுத் தண்ணீர் ஊற்றுவது, இவைதான் பாடம்.

இதைப் பார்த்த அம்மையாருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. தன் தாய் கொடுத்தது வாய்ப்பாடம், அதில் விடுபட்டது கை. விடுபட்டது இங்கே முதல் பாடமாய் இருக்கிறது! கைக்குழந்தையாய் இருந்து வளர்ந்துவரும் மனோரமாவின் தாயும்கூட அல்லவா அவர்கள். பட்டம் பெற்ற பண்டிதை, பெரிய சபைகளில் பிரசங்கம் செய்கிறவர்கள், பாலர் வகுப்பு ஆசிரியைப் பயிற்சிக்கு ஒரு மாணவியாய்ச் சேர்ந்து படித்தார்கள். நம்ம நாட்டுப் பிள்ளைகளுக்கென்று மராத்தியில் பாடப் புஸ்தகங்கள் எழுதவும் தொடங்கினார்கள்.

1889 மார்ச் 11-ல் பம்பாய் சௌபாத்தியில் சாரதா சதன் என்கிற இல்லம் திறக்கப்பட்டது. பால்ய விதவைகளுக்கும் மற்றப் பெண்பிள்ளைகளுக்குமான வீடு அது. தொடக்கத்தில் சேர்ந்தது இரண்டு பேர். அவர்களில் கோதுபாய் என்பவர் எட்டு வயதில் விதவையானவர், எழுத்தே தெரியாமல் வளர்ந்தவர். இருபது வயதுக்கு மேல் அங்கே படித்து, பிறகு கல்வியாளர் கார்வேயின் மனைவியாகிப் பெண்கள் கல்விக்குப் பாடுபட்டார்கள். வயதாயிற்று, இனி என்ன படிப்பது என்று சொல்லுகிற நம் சகோதரிகள் இவரை நினைத்துக்கொள்ளட்டும்.

திறந்து வைத்த கதவு

1890-ல் இல்லம் பூனாவுக்கு மாறிற்று. அம்மையார் அதை விடுதிபோல் நடத்தாமல் வீடாகவே நடத்தினார்கள். தோட்டம் இருந்தது. பிள்ளைகள் அதில் சுற்றித்திரியலாம், பூப்பறிக்கலாம். அம்மையாரின் அறைக்கும் தடையில்லாமல் வரலாம்.

காலையில் அம்மையார் மகள் மனோரமாவோடு உட்கார்ந்து வேதம் வாசித்து ஜெபிப்பார்கள். அது அவர்கள் சொந்தக் குடும்ப ஜெபம். யாரையும் வரச் சொல்லவில்லை, யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் கதவையும் சாத்தவில்லை. சில பெண்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள்.

இதுவே பெரிய பிரச்சினையாயிற்று. இது மதச்சார்பில்லாத இல்லம் என்றல்லவா சொன்னீர்கள், இப்போது பிள்ளைகள் ஜெபத்துக்கு வருகிறார்களே என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள். அவர்கள் கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை, தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்பினவர்கள்தானே. அம்மையாரோ, நான் யாரையும் மதம் மாற்ற அழைக்கவில்லை, ஆனால் என் பிள்ளையோடு ஜெபிக்கும்போது என் வீட்டுக் கதவைப் பூட்டமாட்டேன் என்பதில் உறுதியாயிருந்தார்கள். 1893-ல் ரானடே, பண்டார்க்கர் போன்ற பெரிய மனிதர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பலர் வந்து தங்கள் பெண்களை அழைத்துக்கொண்டு போனார்கள். கட்டின வேலை பாதியாய்க் குறைந்தது. கதவு மட்டும் திறந்தே இருந்தது.

முக்தி

1896-ல் மத்திய இந்தியாவில் பஞ்சம் வந்தது. அனாதையாய் அலைகிற சிறுமிகளைப் பார்த்ததும் அம்மையாருக்குத் தன் பழைய பசி நினைவுக்கு வந்தது. நேரில் போய் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். பூனாவுக்குக் கிழக்கே கேட்காவ் என்கிற இடத்தில் வாங்கியிருந்த நிலத்தில் முக்தி இல்லம் எழும்பிற்று. 1900 குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே ஏறக்குறைய 2,000 பேர்.

அத்தனை பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? சாரதா சதனில் படித்து வளர்ந்த பெண்களே ஆசிரியைகளும் பொறுப்பாளர்களும் ஆனார்கள். பெரியவள் சின்னவளைப் பார்த்துக்கொள்வாள். எல்லாருக்கும் எழுத்துப் படிப்பு, வேதபாடம். அதோடு எல்லாருக்கும் ஒரு கைவேலை. நெசவு, தையல், விவசாயம், எண்ணெய் ஆட்டுதல், அச்சுக் கோர்த்தல் என்று பல தொழில். பார்வையற்றவர்களுக்குப் பிரெய்ல் எழுத்தும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். தன் தாய் ரொட்டிக்கு ஏங்கினதைப்போல் இந்தப் பிள்ளைகளில் ஒருத்தியும் ஏங்கக்கூடாது என்ற பாரம் அது.

இந்த இடத்தில்தான் எழுப்புதல் வந்தது. வேல்ஸ் தேசத்து எழுப்புதலைக் கேள்விப்பட்ட அம்மையார் 1905 ஜனவரியில் ஜெபிக்க மனதுள்ளவர்களைக் கூப்பிட்டார்கள். 70 பேர் முன்வந்தார்கள். ஜூன் மாசத்துக்குள் 550 பேர் தினம் இரண்டு வேளை கூடி ஜெபித்தார்கள். ஜூன் 29 ராத்திரி ஆவியானவர் பிள்ளைகள்மேல் இறங்கினார். அமெரிக்காவில் அசூசா தெரு எழுப்புதல் தொடங்கினது 1906 ஏப்ரலில், முக்தி அதற்கும் முந்தினது. முக்தியில் ஊழியம் செய்த மின்னி ஆப்ராம்ஸ் அம்மையார் இதைப்பற்றி எழுதின சிறு புஸ்தகம் சிலி தேசம்வரைக்கும் போய் அங்கேயும் எழுப்புதலுக்குக் காரணமாயிற்று.

பிரியமானவர்களே, ஒழுங்கும் எழுப்புதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வெறுமையான இடத்தில் முக்தியின் அக்கினி விழவில்லை. தினமும் வாசித்த, தினமும் கைவேலை செய்த, தினமும் ஜெபிக்கப் பழகின பிள்ளைகள்மேல் விழுந்தது. அதன்பின் அந்தப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாய்ச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனார்கள்.

நம்ம வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க என்று நான் சொல்லவில்லை. அங்கன்வாடியும் ஸ்கூலும் அதினதின் வேலையைச் செய்யட்டும். மூன்று வயது முதல் ஏழு வயது வரைக்கும் வீட்டில் நடக்க வேண்டிய பாடத்தைத்தான் சொல்லுகிறேன். நம் சண்டே ஸ்கூல் தாய்மார்கள் சிலர் இதைச் செய்துவருகிறார்கள், பலனும் கண்டிருக்கிறார்கள்.

முதலாவது, நேரத்தைக் குறியுங்கள். லட்சுமிபாய்க்கு விடியற்காலம். உங்களுக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்ட பிறகு இருக்கலாம், சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு இருக்கலாம். இருபது நிமிஷம் போதும். ஆனால் தினமும் அதே நேரம், அதே இடம். அந்த நேரத்தில் டி.வி. வேண்டாம், செல்போன் வேண்டாம். பிள்ளை சோர்ந்துபோனால் அதட்டாமல் நிறுத்திவிடுங்கள், நாளைக்குத் தொடரலாம்.

இரண்டாவது, வாரத்துக்குத் திட்டம் போடுங்கள். சனிக்கிழமை ராத்திரி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அடுத்த வாரத்துக்கு வேண்டிய சாமான்களைப் போட்டு வையுங்கள். காலையில் தேட ஆரம்பித்தால் பாடம் நடக்காது. திங்கட்கிழமை எண்ணிக்கை. புளியங்கொட்டை பத்து, இரண்டு கூறாய்ப் பிரி, ஐந்தாய் அடுக்கு. செவ்வாய்க்கிழமை எழுத்து. ஈர மணலில் விரலால் எழுதட்டும், களிமண்ணை உருட்டி அ, ஆ செய்யட்டும். புதன்கிழமை வெளியே போங்கள். வேப்பிலை, முருங்கையிலை, பூவரசு இலை பொறுக்கி எது பெரிசு எது சின்னது என்று வரிசைப்படுத்தட்டும். வியாழக்கிழமை பழைய தினசரி காலண்டர் தாளில் கப்பல் மடிக்கட்டும். வெள்ளிக்கிழமை வேதக்கதை. சொல்லுவதோடு விடாமல் நடித்துக் காட்டச் சொல்லுங்கள், தாவீதாய் ஒருத்தன், கோலியாத்தாய் ஒருத்தன். சனிக்கிழமை வீட்டு வேலை. பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலில் கேட்டதை வீட்டில் திருப்பிச் சொல்லட்டும். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் மட்டும் கொட்டை, கல் எதையும் எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். வாயில் போட்டுக்கொள்ளும், மூக்கில் திணித்துக்கொள்ளும்.

நம்ம கோலமே ஒரு கணக்குப் பாடம். ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி, நேர்ப்புள்ளி. பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்து ஒரு பிடி மாவைக் கையில் கொடுங்கள். ஃபிரோபெல் ஜெர்மனியில் கட்டையும் குச்சியும் கொடுத்துச் செய்ததை நம்ம பாட்டிமார் வாசலிலேயே செய்தார்கள்.

மூன்றாவது, வாய்ப்பாடத்தை விடாதீர்கள். வாரத்துக்கு ஒரு வசனம், ஒரு பாட்டு, வாய்ப்பாட்டில் ஒரு வரி. நீங்கள் சொல்ல, பிள்ளை சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். இரண்டு பிள்ளை இருந்தால் முக்தியில் செய்ததுபோல் மூத்தவன் இளையவளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுக்கிறவனுக்கே இரண்டு மடங்கு படியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் அதன் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே கூப்பிடுங்கள். நம்ம கதவும் திறந்திருக்கட்டும்.

நான்காவது, எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அவன் ஏ, பி, சி, டி முழுசும் சொல்றான், உனக்கு என்ன கேடு என்று கேட்கிற நிமிஷத்தில் பாடம் கசந்துபோகும். கொஞ்சி எழுப்பின தாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரர்களே, வேலை முடிந்து வந்ததும் பத்து நிமிஷம் நீங்களும் தரையில் உட்காருங்கள். இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டால் போதும், பிள்ளை உங்களுக்குப் பாடம் நடத்தும். உபாகமம் 6-ஆம் அதிகாரத்தைத் தகப்பன்மாரும் ஒருதரம் எடுத்து வாசியுங்கள்.

ஓட்டத்தை முடித்தார்கள்

அம்மையார் தமது கடைசிப் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக ஒரே வேலையில் கருத்தாயிருந்தார்கள். கிராமத்துப் பெண்களுக்கும் விளங்குகிற எளிய மராத்தியில் வேதாகமத்தை எபிரெயு, கிரேக்கு மூலங்களிலிருந்து மொழிபெயர்த்தார்கள். முக்திப் பெண்களே அதற்கு அச்சுக் கோர்த்தார்கள். 1921 ஜூலையில் மகள் மனோரமா மரித்தாள். 40 வயது, தாயின் வேலையைச் சுமந்துகொண்டிருந்த மகள். அந்தத் துக்கத்திலும் அம்மையார் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1922 ஏப்ரல் 5-ந் தேதி நித்திரையடைந்தார்கள். வேதாகமம் 1924-ல் வெளிவந்தது. 1989-ல் இந்திய அரசாங்கம் அவர்கள் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. முக்தி இல்லம் கேட்காவில் இன்றைக்கும் நடந்துவருகிறது.

1887-ல் அமெரிக்காவில் வெளியான தமது முதல் ஆங்கிலப் புஸ்தகத்தை அம்மையார் யாருக்குச் சமர்ப்பித்தார்கள் தெரியுமா? பெரிய மனுஷருக்கும் இல்லை, பணம் கொடுத்தவருக்கும் இல்லை. தாய் லட்சுமிபாய்க்கு. அந்தத் தாய் ஒரு பள்ளிக்கூடமும் கட்டவில்லை, ஒரு மேடையிலும் பேசவில்லை. ஒரு பிள்ளையை விடியற்காலத்தில் எழுப்பினாள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை 2,000 பிள்ளைகளுக்குத் தாயானது.

லோவிசாளும் ஐனிக்கேயாளும் தீமோத்தேயுவுக்குச் செய்ததும் இதுவே. உங்கள் வீட்டில் தூங்குகிற பிள்ளை நாளைக்கு யாராய் வருமென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கர்த்தருக்குத் தெரியும். இந்த வாரமே நேரத்தைக் குறியுங்கள், டப்பாவை எடுத்து வையுங்கள். படிப்பு போதவில்லை என்று தயங்குகிற சகோதரிகள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சண்டே ஸ்கூல் அறைக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போடலாம்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரி,
விழுப்புரம்